நோவுக்கு இல்லாத மகமை

எங்கள் ஜலகண்டாபுரத்தில் நெசவுக்காரர் ஒரு புடவை விற்றால் அதில் கொஞ்சம் மகமைக்குப் போகும். மகமை என்பது எங்கள் ஆட்களின் பொதுப்பணம். மாரியம்மன் பண்டிகையும் சாவுச் செலவும் அதில்தான் நடக்கும். அடுப்பு எரியாத வீட்டிலும் அதைக் கொடுக்காமல் இருந்ததில்லை. இரண்டாம் யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு வரை எனக்கும் அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை.

அந்த வருஷம் தறிக்குழியில் கிடந்த ஆணி என் வீட்டுக்காரர் பாதத்தில் ஏறியது. முதலில் பூசாரி வந்து மந்திரித்துவிட்டுச் சேவலைத் தூக்கிக்கொண்டு போனார். பிறகு வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார். கையில் ஒன்றும் இல்லை என்றேன். மூலையில் இருந்த வெண்கலக் குடத்தைப் பார்த்து, இது இருக்கிறதே என்றார். கால் வீங்கிக் கறுத்தது. கடைசியில்தான் ஊரில் இருந்த ஜில்லா போர்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மருந்து இனாம், புட்டி மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். விளக்கெண்ணெய்ப் புட்டியைக் கழுவி எடுத்துப் போனேன். கட்டுப் போடுகிறவர் காலைப் பார்த்ததும் புட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது இங்க ஆகாதுங்கம்மா. சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. காலை எடுத்தா உசுரு நிக்கும்."

சேலத்தில் கட்டிலும் சர்க்கார் செலவு, கத்தியும் சர்க்கார் செலவு. அந்தக் கட்டில் வரை போய்ச் சேருவது யார் செலவு என்று மட்டும் எந்தப் புண்ணியவானும் யோசிக்கவில்லை. பஸ்காரர் நாற்றம் தாங்காமல் ஏற்ற மறுத்தார். வண்டிக்காரர் வாடகையை முதலில் வைக்கச் சொன்னார். நூல் கொடுக்கிற முதலாளியிடம் ஏற்கனவே முன்பணம் வாங்கித் தின்றாயிற்று.

"காலு போனா தறியை எப்படிப் புள்ளே மிதிக்கறது?" என்று அவர் கேட்டார்.

"நான் மிதிக்கறேனுங்க. நீங்க உக்காந்து தார் சுத்துங்க."

அந்த வலியிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. தறி நாடாவுக்கு நூல் சுற்றும் தார் வேலை எங்களில் பெண்களுடையது; தறியில் கெட்டிக்காரரான அவருக்கு நூல் கண்டைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது. சரி, போகலாம் என்றார்.

அன்று சாயங்காலமே கோயில் மண்டபத்தில் பெரியவர்கள் கூடினார்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன் எழுந்து, வண்டி வாடகைக்கு மகமையிலிருந்து கொடுங்கள் என்று கேட்டார். மகமையைப் பார்த்துக்கொண்ட பெரியதனக்காரர் கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

"சாவு ஒரு ஆளுக்கு ஒருக்காத்தான் வரும். நோவு அப்படியா? இன்னிக்குக் காலு, நாளைக்கு வகுறு. நோவுக்கெல்லாம் கொடுத்தா மகமை தாங்காதுப்பா."

பெண்கள் அங்கே பேசும் வழக்கம் இல்லை. தூணுக்குப் பின்னால் நின்றிருந்த நான் பேசினேன்.

"அவரு நெய்ஞ்ச சீலைக்கெல்லாம் எடுத்தீங்களே சாமி, அது அவரு காசு இல்லீங்களா?"

"யாரு இல்லேன்னா, அம்மிணி? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒரு குறையும் இல்லாம செய்வோம்."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் முகத்திலும் ஈவிரக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். இருந்தது. இருந்தும் தலையாட்டினார்கள், அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அந்த வாரமே காய்ச்சல் தலைக்கேறி, என்னைக்கூட அடையாளம் தெரியாமல் அவர் செத்துப்போனார்.

பெரியதனக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. விடிவதற்குள் மூங்கில் வந்தது, கோடித்துணி வந்தது, மேளம் வந்தது, மாலை மாலையாகப் பூ வந்தது. பாடையைத் தேர் மாதிரி கட்டினார்கள். வந்த சனத்துக்கெல்லாம் பந்தி வைத்தார்கள். அந்த மேளக்காரருக்குக் கொடுத்ததை வண்டிக்காரருக்குக் கொடுத்திருந்தால் என் வீட்டுக்காரர் உயிரோடு சேலம் போய்ச் சேர்ந்திருப்பார். ஒற்றைக் காலோடு வாசலில் உட்கார்ந்து நூலைச் சிக்கலாக்கி என்னிடம் திட்டு வாங்கியிருப்பார். சாப்பிட்டுக் கை கழுவியவர்கள், எவ்வளவு நிறைவாகச் செய்தார்கள் பார் என்று என் காதுபடவே பேசிக்கொண்டு போனார்கள்.

காரியம் முடிந்ததும் நான் தறியில் இறங்கினேன். கால் பழக வெகுநாள் ஆயிற்று. முதல் புடவையை விற்று வந்த அன்று மகமை வாங்குகிறவர் வாசலில் வந்து நின்றார். இனி ஒரு காசு கொடுக்க மாட்டேன், மேளத்தையும் பூவையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காகத்தான் எழுந்தேன். உள்ளே என் சின்ன மகன் காய்ச்சலில் படுத்து முனகிக்கொண்டிருந்தான். திரும்பி அவனைப் பார்த்தேன். நாளைக்கு ஒன்று ஆனால் என்று பெரியதனக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, மகமையைக் கொடுத்தேன்.