பங்காளியின் நெல்

காலை பதினொரு மணி. மன்னார்குடி போகும் வழியில், வயல்களுக்கு நடுவே பாதியில் நின்றுபோன செம்மண் மேட்டில் நெல் காய்ந்தது. மெலிந்த ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டி, நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே நடந்தார்.

அந்த மேடு, அரசு கைவிட்ட புறவழிச்சாலை. ஆட்சி மாறியதும் திட்டம் ரத்தானது. கொட்டிய கிராவலை அள்ளுவதற்குச் செலவு அதிகம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். எடுத்த நிலத்தைத் திருப்பித் தரும் பேச்சும் இல்லை. அதைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன்.

“உங்க நெல்லுங்களா?”

“நெல்லு பங்காளியோடது. அடியில கெடக்குற வயலுதான் என்னோடது.”

“ரோட்டுக்கு உங்க வயலை எடுத்துட்டாங்களா?”

“எங்கங்க! மொதல்ல அவன் வயல்லதான் கல்லு நட்டாங்க. நஷ்டஈடு வாங்கி மாடி கட்டிடுவானேன்னு எனக்குத் தூக்கமே வரல. கட்சிக்காரங்க கையைக் காலைப் புடிச்சு, கல்லை என் வயலுக்கு மாத்தினேன்.”

“பணம் வந்துச்சா?”

“வந்துச்சு. மாடியும் கட்டினேன். அங்க நின்னா அவன் பயிருதான் தெரியுது, பச்சைப் பசேல்னு. பார்க்கச் சகிக்கல. அந்தப் பக்கத்து ஜன்னலைச் செங்கல் வெச்சு அடைச்சுட்டேன்.”

பேசும்போதும் கால் நிற்கவில்லை. அடிக்கடி ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

“பதர் ஜாஸ்தி” என்றார், திருப்தியாக.

நானும் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். எல்லாம் திரண்ட மணிகள்.

மாலையில் அதே வழியாகத் திரும்பியபோது, பங்காளி அவருக்கு அன்றைய கூலியைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.