எந்தக் குரலில் பாடம் எடுப்பது?

போன செவ்வாய்க்கிழமை திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என்னை மடக்கிவிட்டார். சண்டைக்கெல்லாம் இல்லை. ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். அதற்குப் பதில் தெரியாமல்தான் இந்த வாரம் முழுக்கக் குழம்பிப்போய்த் திரிகிறேன்.

முப்பது வயது இருக்கும். கையில் பிளாஸ்டிக் ஃபைல். குரல் கரகரவென்று கட்டியிருந்தது.

“ஸார், ஞாயித்துக்கிழமை பேப்பர்ல உங்க பக்கத்தை விடாமப் படிப்பேன். என்னைய ஞாபகம் இருக்கா? ஏப்ரல்ல உங்க முன்னாடி டெமோ கிளாஸ் எடுத்தேன். ஒளிச்சேர்க்கை.”

ஞாபகம் இல்லாமலா? மதுரையில் ஒரு தனியார் பள்ளி – பெயர் வேண்டாமே. சயின்ஸ் டீச்சர் எடுக்கிறோம், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் நீங்களும் பேனலில் உட்காருங்கள் என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் போதாதா எனக்கு? இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டேன்.

டெமோ கிளாஸ் தெரியும்தானே? வேலை கேட்டு வருகிறவர் நிஜப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியட் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாங்கள் மார்க் போடுவோம். அன்றைக்கு நான்கு பேர் எடுத்தார்கள். அதில் இந்தப் பெண்தான் பிரமாதம். ஒரு வேப்பிலைக் கொத்தோடு வந்தார். “இதுக்கு யாரு சோறு ஆக்கிப் போடுறது?” என்று கேட்டார். அவ்வளவுதான், வகுப்பே அவர் பக்கம் சாய்ந்துவிட்டது. பெல் அடித்த பிறகு ஒரு வாண்டு, நாளைக்கும் வருவீங்களா மிஸ் என்று கேட்டது.

ஆனால் வேலை கிடைக்கவில்லை. அதைப் பற்றிக் கேட்கத்தான் என்னைப் பிடித்திருக்கிறார்.

கீழக்குயில்குடியில் வீடாம். இதுவரை நான்கு பள்ளிக்கூடம் ஏறி இறங்கியாகிவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் விடாமல் போன் போட்டு, என்ன குறை என்று கேட்டுக்கொண்டு, அடுத்த இடத்துக்குள் அதைத் திருத்திவிடுவாராம். முதல் பள்ளியில், ரொம்பச் சிரிக்கிறீங்க, பிள்ளைக பயப்படாது என்றார்களாம். அடுத்த பள்ளியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்காமல் எடுத்தாராம். அங்கே, உர்ருன்னு இருக்கீங்க என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதுதான் நான் உட்கார்ந்திருந்த பள்ளி. அங்கே ஆபீஸ் கிளார்க் ஃபைலைப் பார்த்துப் படித்துக் காட்டியிருக்கிறார்: ‘குரல் இன்னும் சற்று ஓங்க வேண்டும்.’

இந்தப் பெண் என்ன செய்திருக்கிறார் தெரியுமா? மூன்று வாரம், தினம் விடிந்ததும் சமணர் மலை அடிவாரத்துக்குப் போய், மலையைப் பார்த்து ஒளிச்சேர்க்கை நடத்தியிருக்கிறார். வாக்கிங் வந்தவர்கள், யாரையோ திட்டுகிறது இந்தப் பொண்ணு என்று ஒதுங்கிப் போனார்களாம். தொண்டை கட்டிக்கொண்டதுதான் மிச்சம். நான்காவது பள்ளியில் சொன்ன காரணம்… ஏன் இப்படிக் கத்துறீங்க?

“வர்ற திங்கக்கிழமை ஸார், கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு ஸ்கூல்ல டெமோ. இதுவும் கெடைக்கலைன்னா விட்டுட்டு வீட்டுல இருன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. நீங்க சொல்லுங்க ஸார். எந்தக் குரல்ல எடுக்கட்டும்?”

அந்தக் ‘குரல்’ வரியை எழுதியதே நான்தான்.

நடந்தது இதுதான். டெமோ முடிந்து டீயும் வடையும் வந்தபோது, பள்ளியின் கரெஸ்பான்டென்ட் சாவகாசமாகச் சொன்னார் – இந்த வேலைக்கு ஆள் போன வாரமே முடிவாகிவிட்டது, ஃபைலுக்காகத்தான் இதெல்லாம் என்று. முடிவான ஆளும் அந்த நான்கில் ஒருவர்தான். மற்ற மூவரின் ஃபாரத்திலும் ‘குறிப்புரை’ என்று ஒரு கட்டம். காலியாக விடக் கூடாதாம். ஒருவருக்கு அனுபவம் போதாது என்று எழுதினேன். இன்னொருவருக்கு ஆங்கிலம் போதாது. இந்தப் பெண்ணுக்கு என்ன எழுதுவது? யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. குரல் என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டு, வடையை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் வைத்து இது அத்தனையும் ஒப்பித்துவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சரி, குறை இல்லை என்று தெரிந்ததில் சந்தோஷமாவது படுவார் என்று பார்த்தால், அதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“தப்பு இருந்துச்சுன்னா திருத்திக்குவேன் ஸார். ஒண்ணுமே இல்லைன்னா நான் எதைத் திருத்துறது?”

சொல்லுங்கள், என்ன பதில் சொல்வீர்கள்? நான் பொய் எழுதியபோது காலையில் எழுந்து செய்வதற்கு அவருக்கு ஒரு வேலையாவது இருந்தது. உண்மையைச் சொல்லி அதையும் பிடுங்கிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோ? சொல்லாமல் இருந்தால் மட்டும்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வேலை தேடும் பிள்ளைகளுக்கு, உங்கள் குறையைக் கண்டுபிடித்துத் திருத்துங்கள் என்று இதே பக்கத்தில் எத்தனை தடவை உபதேசம் பண்ணியிருக்கிறேன்… நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. எத்தனை பேர் எத்தனை மலையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார்களோ.

பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவர் ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினார். பேனாவும் நீட்டினார்.

“இப்பச் சொன்னதை எழுதிக் குடுங்க ஸார். அம்புட்டுப் பேரும் வேணாம்னா உங்கிட்டதான் ஏதோ கோளாறுங்கிறாரு எங்க வீட்டுக்காரரு. அவர்கிட்ட காட்டணும்.”

வாரா வாரம் பக்கத்தை நிரப்புகிற எனக்கு நான்கு வரி எழுதுவது ஒரு வேலையா? ஆனால் கை போகவில்லை. அந்தக் கரெஸ்பான்டென்ட் பழகிய மனிதர். ஆண்டு விழாவுக்கு மேடையில் எனக்கு நாற்காலி போடுகிறவர். காகிதம் அவர் கண்ணில் பட்டால்?

“பார்க்கலாம்மா… சொல்லி அனுப்புறேன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவருக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. எத்தனை ஆபீஸ் வாசலில் இதைக் கேட்டிருப்பார்! தாளைத் திரும்ப ஃபைலுக்குள் வைத்தார். சரி ஸார், வாரேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

ஒரே ஆளை இரண்டு தடவை நிராகரித்தவன் என்ற பெருமை இந்த ஊரில் எனக்கு மட்டும்தான் இருக்கும்.

அம்மா, ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தைப் படிப்பேன் என்று சொன்னீர்கள். நாளைக்குத் திங்கட்கிழமை. எந்தக் குரலில் எடுப்பது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. ஆனால் இதை மட்டும் கத்தரித்து உங்கள் வீட்டுக்காரரிடம் காட்டுங்கள்:

ஐயா, உங்கள் மனைவியிடம் ஒரு கோளாறும் இல்லை. இருப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான்.