சுவருக்குப் போகாத சைக்கிள்

ஓய்வு பெற்ற நாளில் தொழிற்சாலை அவருக்கு ஒரு சைக்கிளைக் கொடுத்தது. மரியாதையாகக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. கிடங்கைக் காலி செய்துகொண்டிருந்தார்கள், பழைய இரும்பு ஏற்றும் லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. மாலையும் கையுமாக வெளியே வந்தவர் அந்தக் குவியலில் இருந்த சைக்கிளைப் பார்த்து நின்றார். "வேணும்னா எடுத்துக்கங்க" என்றார் மேனேஜர். அவ்வளவுதான் விழா.

அது காலுறை பின்னும் தொழிற்சாலை. முப்பத்துநாலு வருடம் அங்கே ஃபிட்டராக இருந்த ஒரே பெண் அவர். பின்னல் இயந்திரங்களில் ஊசி உடையும், உடைந்த ஊசியை எடுத்துவிட்டுப் புதிது போடுவது அவர் வேலை. நாளுக்கு நூறு ஊசி மாற்றிய நாட்களும் உண்டு. அதனால் ஊசியக்கா. வீட்டில் வேறு பெயர் இருந்திருக்கும், அதைக் கூப்பிட ஆள் இல்லாமல் போய்விட்டது.

இயந்திரங்கள் இத்தாலியிலிருந்து வந்தவை. அவற்றைப் பொருத்த வந்த இஞ்சினியர்தான் சைக்கிளையும் கொண்டுவந்தாராம். ஊசியக்கா வேலைக்குச் சேரும் முன்பே அவர் ஊர் திரும்பிவிட்டார், சைக்கிள் திரும்பவில்லை. மெல்லிய இரும்புக் குழாய்கள், ஆட்டுக்கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார், பின்சக்கரத்தில் ஐந்து பல்சக்கரங்கள், குழாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கியர் நெம்புகோல்கள். நீலப் பெயிண்ட் பாதி உரிந்திருந்தது. இஞ்சினியர் குள்ளமான மனிதராக இருந்திருக்க வேண்டும். ஐந்தடி இருக்கும் ஊசியக்காவுக்கே கால் தரையில் எட்டியது.

சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுப் படி ஏறியபோது தம்பி பார்த்துவிட்டான். தம்பிக்கு ஐம்பது வயது. கீழ்த்தளத்தில் காபிக்கடை, மேல்தளத்தில் வீடு, அக்காவுக்குப் பின்பக்க அறை. ரயில்வே மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கடை திறக்க மூன்று வாரம் இருந்தது.

"அக்கா, இதை எனக்குக் குடுத்துடு. புதுக் கடை செவுத்துல மாட்டுறேன். பழைய சைக்கிள் மாட்டாத காபிக்கடையே இப்ப கிடையாது."

"இது சைக்கிள்டா. படமில்ல."

"ஓடினாத்தானே சைக்கிள்."

"ஓடும்."

"யாரு ஓட்டுறது?"

"பின்ன, உன் மாமனாரா?"

தம்பியின் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "எங்கப்பாவை எதுக்கு இழுக்கறீங்க அண்ணி? அவர் பாட்டுக்கு இருக்கார்." பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில்: "முப்பது வருஷத்துக்கு மேல ஓடியாச்சு. இனிமே ரெஸ்ட் எடுங்களேன்."

அந்தச் சொல்லை அன்றைக்கு மட்டும் ஊசியக்கா பதினோரு முறை கேட்டிருந்தார். மேனேஜர் சொன்னார், யூனியன் ஆள் சொன்னார், மாலை வாங்கி வந்த பெண் சொன்னாள். வாசல் காவலாளிகூட சொன்னார், அவருக்கு வயது எழுபது.

"சரிடா தம்பி" என்றார். "நீ கடை திறக்கிற அன்னைக்குக் காலையில இதுல ஏறி, ரயில்வே மேம்பாலத்தைத் தாண்டி, உன் கடை வாசலுக்கு வரேன். வந்துட்டா இது என் வண்டி. இனி ஒருத்தரும் செவுரு, ஆணின்னு வாயைத் திறக்கக் கூடாது."

"வரலைன்னா?"

"மாட்டிக்க."

"பாலத்துல இறங்கித் தள்ளிக்கிட்டு வந்தா?"

"கால் ஊனினாலே நீ ஜெயிச்ச மாதிரி."

தம்பி மறுநாளே புதுக் கடையில் ஆள் வைத்து, சுவரைத் துளைத்து, இரண்டு பித்தளைக் கொக்கிகளை அடித்துவிட்டான். அளவெடுக்க அக்காவின் அறைக்கே டேப்போடு வந்தான்.

முதல் பத்து நாள் வேலை அவருக்குத் தெரிந்த வேலை. எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய காலுறையால் துடைத்தார். துடைக்கக் காலுறைக்குப் பஞ்சமே இல்லாத வீடு அது. சங்கிலி போயிருந்தது, பிரேக் கம்பிகள் போயிருந்தன, டயர்கள் கைபட்டதும் பொடியாக உதிர்ந்தன. அந்த ரிம்முக்குச் சாதாரண டயர் ஆகாது, பசை போட்டு ஒட்டுகிற ரகம்தான் வேண்டும். தபாலில் வரவழைத்தார். இதெல்லாம் காத்திருந்தால் கிடைக்கிற சமாசாரம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

பெடல் அச்சு போகும் குழாயின் இரண்டு முனையிலும் இரும்புக் கப் ஒன்று மரை போட்டு ஏறியிருக்கும், உள்ளே பேரிங் குண்டுகள் ஓடும். இடப்பக்கக் கப் சமர்த்தாகக் கழன்று வந்தது. அச்சையும் உருவிவிட்டார். சங்கிலி இருக்கும் வலப்பக்கக் கப் மட்டும் அசையவில்லை. அதைக் கழற்றாமல் உள்ளே காய்ந்து கல்லாகிக் கிடக்கும் கிரீஸை முழுதாகச் சுரண்ட முடியாது. தொழிற்சாலைப் பழக்கம்: பாதி சுத்தம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது.

டாக்டரிடம் கொண்டுபோனார்.

டாக்டர் என்பவர் சந்தைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவர். எந்த வண்டி வந்தாலும் முதலில் டயரை நாடி பார்ப்பதுபோல் இரண்டு விரலால் பிடித்துக் கண்ணை மூடுவார். பிறகுதான் வாய் திறப்பார். அப்படி வந்த பெயர் அது, நிலைத்தும்விட்டது.

"வலப்பக்கக் கப்தானே? எதிர்மரை" என்றார். "எல்லாரும் கழட்டுறதுக்கு இடப்பக்கம் திருப்புவாங்க. இதை வலப்பக்கம் திருப்பணும். விட்டுட்டுப் போங்க ஊசியக்கா, சாயங்காலம் வாங்க."

சாயங்காலம் வரவில்லை, கப். டாக்டர் எண்ணெய் விட்டார், ஸ்பேனரின் பிடியில் மூன்றடி இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கித் தொங்கினார். இரண்டாம் நாள் பக்கத்துக் கடை வெல்டரும் சேர்ந்து தொங்கினார். இருவர் எடையையும் அந்தக் கப் தாங்கியது. மூன்றாம் நாள் டாக்டர் கண்ணை மூடினார்.

"பிரேம் போச்சு. துரு உள்ளுக்குள்ளேயே வெல்டிங் மாதிரி பிடிச்சிருக்கு. அழகான வண்டி. செவுத்துல மாட்டிடுங்க."

"என் தம்பி உங்களைப் பார்த்தானா?"

"நேத்து காபி வாங்கிக் குடுத்தார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

கடை திறக்க எட்டு நாள் இருந்தது.

ஊசியக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. பிரேமை மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, கழற்றிய இடப்பக்கக் கப்பை வெர்னியர் அளவுகோலால் அளந்தார். முப்பத்தாறு மில்லிமீட்டர். கீழே இறங்கி, காபிக்கடை வாசலில் பால்காரர் நிறுத்தியிருந்த சைக்கிளின் கப்பை அளந்தார். முப்பத்தைந்துக்கும் கொஞ்சம் குறைவு. பால்காரர் ஒன்றும் கேட்கவில்லை. ஊசியக்கா ஏதாவது அளந்துகொண்டிருப்பது அந்தத் தெருவில் செய்தி இல்லை.

ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். அளவே வேறு என்றால் மரை மட்டும் ஊர்ப் பழக்கப்படி இருக்கும் என்று யார் சொன்னது? டாக்டருக்கு யார் சொன்னார்கள்? முப்பது வருடமாக வந்த வண்டிகள் சொன்னன. அந்த வண்டிகளில் ஒன்றுகூட இத்தாலியிலிருந்து வந்ததில்லை.

பெட்டியிலிருந்து பின்னல் ஊசி ஒன்றை எடுத்தார். நுனியில் சின்னக் கொக்கி உள்ள ஊசி. காலி முனை வழியாகக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். எதிர்முனையில் கப் முடிகிற இடத்துக்கு இப்பால் இரண்டு மூன்று சுற்று மரை வெறுமனே தெரிந்தது. கிரீஸைச் சுரண்டிவிட்டு, அந்தப் பள்ளத்தில் ஊசி நுனியை வைத்து வலப்பக்கமாகச் சுற்றினார். ஊசி அவரை விட்டு விலகி உள்ளே போனது. கைப்பக்கத்து மரையிலும் அதே மாதிரி சுற்றிப் பார்த்தார். அதுவும் விலகித்தான் போனது. எதிர்மரையாக இருந்தால் தொலைவில் இருந்த ஊசி அவரை நோக்கி வந்திருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே மரை. நேர்மரை. மற்ற எல்லாத் திருகாணியையும் போல இடப்பக்கம் திருப்பினால் கழன்றிருக்கும். இரண்டு நாளாக டாக்டரும் வெல்டரும் குழாய் போட்டுத் தொங்கியதெல்லாம் அதை இறுக்கத்தான்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு ஆண்கள் உயிரைக் கொடுத்து இறுக்கியதை இனி ஒரு ஆள் கழற்ற வேண்டும்.

பட்டை இரும்பை அறுத்து, கப்பின் விளிம்புக்குக் கச்சிதமாகப் பிடிக்கும்படி இரண்டு நாள் அரத்தால் ராவி, சொந்தமாக ஒரு ஸ்பேனர் செய்தார். அது வழுக்காமலிருக்கக் கப்பின் ஓட்டையில் நீண்ட போல்ட்டைச் செருகி, வாஷர் வைத்து அழுத்திப் பிடித்தார். பிறகு கீழே போய்க் காபிக்கடை பாய்லரிலிருந்து கொதிக்கிற தண்ணீரை ஜக்கு ஜக்காக எடுத்துவந்து பிரேம்மேல் ஊற்றினார். ஊற்றுவது, எண்ணெய் விடுவது, சுத்தியலால் தட்டுவது. மறுபடி ஊற்றுவது.

"அக்கா, கஸ்டமருக்குச் சுடுதண்ணி இல்ல" என்றான் தம்பி படியில் நின்று.

"ரெஸ்ட் எடுக்கச் சொல்லு."

ஏழாவது ஜக்கில் 'டக்' என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று தம்பி ஓடிவந்தான். உடையவில்லை. கப் கால் சுற்று திரும்பியிருந்தது, இடப்பக்கமாக. முழுதாகக் கழற்றிச் சுரண்டியதும் உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளத்தது.

டாக்டருக்குச் செய்தி போனது. அவர் வந்து மரையை விரலால் தடவி, கண்ணை மூடாமலே நின்றார். "என் கடைப் பக்கம் இதைச் சொல்லிடாதீங்க" என்றார் கடைசியில்.

"வெல்டர் ஏற்கெனவே சொல்லிட்டார்."

புதுக் குண்டுகள், பக்கத்துக்குப் பதினொன்று. புது கிரீஸ். டயரை ஒட்டி ஒரு நாள் காய விட்டார். வெள்ளிக்கிழமை காலை, தொழிற்சாலையில் போட்ட அதே காக்கிப் பேண்ட்டில் ஊசியக்கா சைக்கிளைத் தெருவுக்கு இறக்கினார். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் குனிந்து ஆட்டுக்கொம்பைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்து மாடியில் துணி காயப்போட்ட ஒருவர், "எந்த ஊருக்கு?" என்று கேட்டார். "திரும்பி வந்து சொல்றேன்."

மூன்றாவது தெருவில் காலடியில் ஏதோ ஆடியது. இறங்கிப் பார்த்தார். வலப்பக்கக் கப் தளர்ந்திருந்தது. வீட்டில் இறுக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். மறுபடி அதே மூன்றாவது தெரு.

நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து பெடலைக் கையால் முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் புரிந்தது. மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் உள்ளே குண்டுகள் அந்தக் கப்பை எதிர்த்திசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகின்றன. நேர்மரை என்றால் அது கழல்கிற திசை. உலகம் அந்தப் பக்கத்துக்கு எதிர்மரை போட்டது சும்மா இல்லை. இது தெரிந்தும் மாற்றிக்கொள்ளாத வண்டி இது. அந்தப் பிடிவாதம் அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிடிவாதத்தை வைத்துக்கொண்டு மேம்பாலம் ஏற முடியாது, ஒரு நாள்தான் மீதி.

அவர் தோள்பலத்துக்கு எட்டிய இறுக்கம் போதவில்லை. எந்த இறுக்கம் போதும் என்று யோசித்தால், கொதிக்கும் தண்ணீர் ஏழு ஜக்கு கேட்ட இறுக்கம் ஒன்று இருந்தது.

சனிக்கிழமை டாக்டர் கடையில் பிரேமை வைத்தார். தான் செய்த ஸ்பேனரையும் பக்கத்தில் வைத்தார்.

"அந்தக் குழாயை எடுங்க டாக்டர். வெல்டரையும் கூப்பிடுங்க. அன்னைக்குக் கழட்டுறேன்னு என்ன செஞ்சீங்களோ, அதையே செய்ங்க."

டாக்டர் ஸ்பேனரைத் தள்ளிவைத்தார். "கிண்டலா?"

"உங்களை மாதிரி இறுக்க இந்த ஊர்ல ஆள் இல்ல. நிஜமாத்தான் சொல்றேன்."

விஷயம் விளங்கியதும் டாக்டரின் முகம் மாறியது. "அப்போ அன்னைக்கு நான் செஞ்சது தப்பில்ல."

"தப்புதான். முன்கூட்டிச் செஞ்சுட்டீங்க."

இருவரும் தொங்கினார்கள். வெல்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை குதித்தும் பார்த்தார்.

ஞாயிறு காலை ஏழு மணி. தம்பி வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான். சாட்சிக்கு என்றான். பின்சீட்டில் ஒரு மெத்தை இருந்ததை ஊசியக்கா பார்த்தார், கேட்கவில்லை. தம்பியின் மனைவி புதுக் கடையில் விருந்தாளிகளோடு நின்றார்.

பாலத்தின் அடிவாரத்தில் நெம்புகோலை இழுத்துப் பின்னால் இருந்த பெரிய பல்சக்கரத்தில் போட்டார். அதைவிட லேசான கியர் அந்த வண்டியில் இல்லை, இத்தாலி இஞ்சினியரின் தொடைக்கு அது போதுமாக இருந்திருக்கும். முதல் விளக்குக் கம்பம், இரண்டாவது, நான்காவது. ஐந்தாவதில் வண்டி ஊர்ந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. தம்பி வேனைக் குறுக்கே விட்டு லாரியை மறித்துவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினான்.

"போதும்க்கா, இறங்கிடு. நான் தோத்ததாவே வச்சுக்க."

பதில் சொல்ல அவரிடம் மூச்சு இல்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது தெருவுக்கே தெரியும். ஆசனத்திலிருந்து எழுந்து, முழு எடையையும் வலது பெடலில் போட்டார், பிறகு இடதில், பிறகு வலதில். காது மட்டும் கீழே இருந்தது. ஆட்டம் இல்லை, சத்தம் இல்லை. எட்டாவது கம்பத்தில் முன்சக்கரம் கோணிக்கொண்டு ஓரச்சுவரை உரசப் போனது. கைப்பிடியைத் திருப்பினார், காலை எடுக்கவில்லை. பத்தாவது கம்பத்துக்கு அப்பால் தண்டவாளங்கள் கீழே தெரிந்தன, சாலை தானாக முன்னால் சரிந்தது.

இறக்கத்தில் தம்பியால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

கடை வாசலில் கூட்டம் கை தட்டியது. தம்பியின் மனைவி தண்ணீர்ப் பாட்டிலோடு தெருவில் இறங்கினார். "நிறுத்துங்க அண்ணி."

"வாசலுக்கு வரேன்னுதான் சொன்னேன்" என்று ஊசியக்கா அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே சொன்னார். "நிறுத்துறேன்னு சொல்லலை."

ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்பிவந்தார். அதற்குள் காபி இரண்டு முறை ஆறிப்போயிருந்தது.

சுவரில் அந்தப் பித்தளைக் கொக்கிகள் இன்னும் இருக்கின்றன. தம்பி அவற்றின்மேல் டாக்டரின் மூன்றடி இரும்புக் குழாயைப் படுக்கவைத்திருக்கிறான். வருகிறவர்கள் அது என்ன கலைப்பொருள் என்று கேட்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் மட்டும் கேட்க முடியாது. அன்றைக்கு ஊசியக்கா வந்து ஸ்டூல் போட்டு ஏறி, குழாயை எடுத்துக்கொண்டு டாக்டர் கடைக்குப் போய்விடுவார். கப் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.