சுட்டி பாலை அடக்கிய பத்து நாள்

நஃபீஸா முந்தல் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு இருபது வருஷமாகிறது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட குடும்பத்தோடு ஆறு வயதுப் பிள்ளையாக வந்து புத்தளத்துத் தில்லையடியில் வளர்ந்தவள், அதுவரை மாட்டு மடியைத் தொட்டதே கிடையாது. கணவர் ஹில்மியின் தென்னங்காணியில் நின்ற மாடுகளில்தான் கறக்கப் பழகினாள். இப்போது விடியற்காலையில் சுபஹ் தொழுதுவிட்டு அவள் கொட்டிலுக்கு வரும் சத்தம் கேட்டாலே, நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டிக்குக் காம்பில் பால் கசியும்.

அந்தச் சுட்டிதான் மார்கழி மழைக்குப் பிறகு மாறிப்போனது. எட்டு லீற்றர் தந்த மாடு மூன்றோடு நிறுத்திக்கொண்டது. மடியில் கை வைத்தால் காலை மாற்றி மாற்றித் தூக்கியது. தொட்டித் தண்ணீரில் வாயை வைத்ததும் தலையை வெடுக்கென்று இழுத்தது. நஃபீஸா அதட்டினாள், ஒரு தரம் தடியாலும் அடித்துவிட்டாள்.

மிருக வைத்தியர் அனஸ்தாசியா வந்து மடியை அழுத்திப் பார்த்தார். "வீக்கமும் இல்ல, காய்ச்சலும் இல்ல. எதுக்கோ பயப்படுது. பயந்த மாடு பாலை இறக்காது."

ஹில்மிக்குப் பொறுமை போய்விட்டது. "பத்து நாளாப் பாக்குறன். வெள்ளிக்கிழம இறைச்சிக்கடைக்காரர வரச் சொல்லியிருக்கன்."

"கொஞ்சம் பொறுங்க. வெளிய தென்னையில கட்டிக் கறந்து பாக்குறன்," என்றாள் நஃபீஸா.

வெளியே சுட்டி அசைபோட்டபடி ஆறு லீற்றர் தந்தது. அப்படியென்றால் கொட்டிலில்தான் ஏதோ இருக்கிறது. காலில் ஆணி கீணி குத்துகிறதோ என்று, வியாழன் காலை றப்பர் செருப்பைக் கழற்றிவிட்டு, சுட்டி நிற்கும் மூலையில் வெறுங்காலால் தடவிப் பார்த்தாள். கறவை நேரத்தில் எப்போதும்போல் கொட்டில் கழுவத் தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஈரச் சீமெந்தில் கால் வழுக்க, தொட்டிக்கு வரும் இரும்புக் குழாயில் கை பட்டது. சுரீரென்று முழங்கை வரை ஏறியது.

"இஞ்ச ஓடி வாங்க! மோட்டர நிப்பாட்டுங்க!"

வயர் வேலைக்காரர் வந்து பார்த்தார். உப்புக் காற்றில் மோட்டர் வயரின் மேலுறை வெடித்து, செம்புக் கம்பி குழாயில் முட்டிக்கொண்டிருந்தது. "லேசான கரண்ட்தான். செருப்போட நிண்டா தெரியாது. மாடு நாலு காலும் ஈரத்துல நிண்டிருக்கு."

ஹில்மி இறைச்சிக்கடைக்காரருக்குப் போன் எடுத்து வரவேண்டாமென்றார். நஃபீஸா சுட்டியின் கழுத்தைத் தடவினாள். தான் அடித்த அடி அப்போதுதான் அவளுக்கு வலித்தது.

அன்றே வயர் மாற்றியும், பால் ஏழு லீற்றருக்கு ஏற ஒரு மாதம் பிடித்தது. கொட்டிலுக்குள் மட்டும் சுட்டி வரவே இல்லை. ஹில்மி தென்னைகளுக்கு நடுவே நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டுக் கொடுத்தார். மழை நாளிலும் கறவை அங்கேதான்.