எங்கள் பள்ளி வாசலைக் காட்டிய செய்தி

ஒரு தேசியச் சேனலின் தமிழ்ச் செய்தியில், "பெங்களூரில் பள்ளி வேன் கவிழ்ந்தது" என்று வாசித்தபடி, பிரேசர் டவுனில் என் மகள் படிக்கும் பள்ளியின் வாசலைக் காட்டினார்கள். செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

"ஏம்மா இப்படி ஓடியாறீங்க? பசங்க கிளாஸ்லதான் இருக்காங்க" என்றார் வாட்ச்மேன்.

வீடு திரும்பி, அதே சேனலின் கன்னடச் செய்தியைப் போட்டேன். கவிழ்ந்தது ஊருக்கு வெளியே வேறொரு பள்ளியின் வேன் என்று தெளிவாகச் சொன்னார்கள். தமிழிலோ மறுபடியும் எங்கள் பள்ளியின் பழைய படம்தான்! வாசித்த பெண் ஒரு வருத்தமும் தெரிவிக்காமல், சிரித்த முகத்தோடு சினிமாவுக்குத் தாவினார். பெங்களூரில் தமிழ்ச் செய்தி பார்க்க ஆளே இல்லை என்ற நினைப்பா?

இப்போதெல்லாம் உள்ளூர்ச் செய்தியைக் கன்னடத்தில்தான் கேட்கிறேன். தமிழில் எதையாவது காட்டினால், முதலில் பள்ளிக்குப் போன் செய்கிறேன், பதறுவதெல்லாம் அப்புறம்தான்.