கதவைச் சாத்தவோ என்று கேட்டார்கள்

பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் அவரை எல்லோரும் லோயர் அண்ணை என்பார்கள். யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞர், ஒருமுறை தேர்தலில் நின்று தோற்றவர். இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார். வேலை முடிந்ததும் தேநீர்க் கடை மூலையில் இருந்து எங்கள் அகதி வழக்குகளை எழுதிக் கொடுப்பார்.

அவருக்கு ஒரு பித்து. அந்தக்கால அமெரிக்காவின் எல்லைப்புறத்தில் வாழ்ந்த ஒரு வழக்கறிஞரின் கதையை எங்கேயோ வாசித்துவிட்டு, அதையே ஓதிக்கொண்டிருப்பார். அந்த மனிதர் தானாகவே சட்டம் படித்தாராம். குதிரையில் ஊர் ஊராகப் போய் மரக்குடிசைகளில் வாதாடினாராம். பிறகு சட்டசபைக்கும் போனாராம்.

"அங்கை ஊரே வந்து வழக்குக் கேட்குமாம், தங்கச்சி. தன்ரை கட்சிக்காரனை அந்தாள் ஒருநாளும் தனிய நிக்க விட்டதில்லை. நானும் விடமாட்டன்."

"குதிரை ஒண்டுதான் குறை, அண்ணை."

"குதிரைக்கென்ன, மெத்ரோ ரயில் இருக்கெல்லோ!"

நான் 2009இல் போர் முடிந்து, முகாமில் கிடந்து, தப்பி வந்தவள். என் முதல் மனுவை நிராகரித்துவிட்டார்கள். மேல்முறையீடுதான் கடைசி வழி. போர்தான் முடிந்துவிட்டதே, இனி உனக்கென்ன ஆபத்து என்று கேட்டார்கள். முகாமில் சிப்பாய்கள் என்னைக் கொண்டுபோய்ச் செய்ததுதான் அதற்கு என்னிடமிருந்த ஒரே பதில். அண்ணையிடம் அதை எப்படிச் சொல்வது? "ஆமிக்காரர் விசாரிச்சவை" என்று மட்டும் சொன்னேன், அப்படியே எழுதினார். நீதிபதியிடம் நேரே சொல்லிவிடலாம் என்று நெஞ்சைக் கல்லாக்கி வைத்திருந்தேன்.

விசாரணைக்கு அண்ணை லீவு போட்டுவிட்டு வந்தார். பிரான்சில் வாதாட அவருக்கு உரிமையில்லை. அதற்கு அரசு தந்த பிரெஞ்சு வக்கீல் இருந்தார். ஆனாலும் ஊரிலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, பார்வையாளர் வாங்கில் எனக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நீதிபதி ஒரு பெண். என் முகத்தில் எதையோ கண்டிருக்க வேண்டும். மொழிபெயர்க்கும் அக்கா என் பக்கம் குனிந்தார். "தனியக் கதைக்க விருப்பமெண்டால் மற்றவையை வெளியிலை விடலாமாம். கதவைச் சாத்தவோ?"

திரும்பிப் பார்த்தேன். எனக்கென்று வந்திருந்த ஒரே மனிதர். அந்தக் கோட்டோடு அவரை எழுப்பி வெளியே போகச் சொல்வதா? எங்கள் ஆட்களுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி. போகச் சொன்னால், ஏன் என்பதும் அவருக்கு விளங்கிவிடும்.

"வேண்டாம், அக்கா."

முகாமில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். "விசாரிச்சவை" என்றேன். திரும்பவும் கேட்டார்கள். திரும்பவும் அதையேதான் சொன்னேன்.

நிராகரித்துவிட்டார்கள். இந்த நாட்டில் இருக்க உரிமையில்லை, போக ஊருமில்லை. முடிவு வந்த அன்று அண்ணை தேநீர்க் கடை மூலையில் தேநீரைத் தொடாமல் இருந்தார்.

"எங்கை பிழை விட்டனான் எண்டு விளங்கேல்லை, தங்கச்சி. உம்மை நான் தனிய விடேல்லைத்தானே?"

"ஓம் அண்ணை," என்றேன். "விடேல்லை."