சுங்கச்சாவடிக்கு முன்னால் இறங்கியவர்கள்

கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு பேச்சுப்போட்டி. நெடுஞ்சாலைகளில் சுங்கம் வேண்டுமா, வேண்டாமா? நான் வேண்டும் கட்சி. கரியாலூர் மலைப்பாதையில் பஸ் ஆடும் ஆட்டத்தைச் சொல்லி, காசு கொடுக்காமல் நல்ல ரோடு எங்கிருந்து வரும் என்று மூச்சு விடாமல் பேசிப் பரிசும் வாங்கிவிட்டேன்.

அந்த வருடமே உளுந்தூர்பேட்டை போகும் சாலையில், எங்கள் ஊரைத் தாண்டி, சுங்கச்சாவடி வந்தது. அம்மா கரும்புக்குக் களை எடுக்கும் கொல்லை சாவடிக்கு அந்தப் பக்கம். அவளோடு இன்னும் ஐந்து பெண்கள், ஒரே ஷேர் ஆட்டோ.

"சாவடியில ஆளுக்கு இவ்ளோன்னு வாங்குவாங்க. அத நீங்கதான் குடுக்கணும்," என்று சொல்லிவிட்டார் டிரைவர்.

ஷேர் ஆட்டோவில் எல்லாமே தலைக்கு இவ்வளவுதானே. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான். கூலியில் அதுவும் போனால் வேலைக்குப் போவதே வீண் என்றாள் அம்மா. சுங்கம் வேண்டும் என்று பேசிப் பரிசு வாங்கியவள் என்று இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாவடி திறந்த அன்று காலை நானும் கூடப் போனேன். சாவடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே எல்லோரும் இறங்கினோம். ஆட்டோ காலியாகத் தாண்டட்டும், நாம் நடந்துபோய் ஏறிக்கொள்ளலாம் என்பது பெண்களின் திட்டம். எட்டு மணிக்குள் போகாவிட்டால் கொல்லைக்காரர் வேறு ஆளை இறக்கிவிடுவார். களைக்கொத்தோடு ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

கூண்டுக்குள் இருந்த இளைஞன் எட்டிப் பார்த்தான். "இன்னாம்மா, வரிசையா நடந்து போய்க்கினு இருக்கீங்க? கோயிலுக்கா?"

"ஆட்டோவுல வந்தா ஆளுக்கு சுங்கம் கேப்பீங்களே தம்பி," என்றாள் அம்மா.

"ஆட்டோவுக்கு ஏதும்மா சுங்கம்? காரு, லாரி, பஸ்ஸுக்குத்தான். ஏறியே போங்க."

அந்தப் பக்கம் டிரைவர் பூரித்துப்போய் நின்றிருந்தார். "பாத்தீங்களா, காலியா வந்தேன். ஒத்த பைசா கேக்கல."

"ரொம்பி வந்தாலும் கேக்க மாட்டாங்களாம். வண்டிய எடுய்யா," என்றாள் ஏறிக்கொண்டே ஒருத்தி. ஆட்டோ குலுங்கச் சிரித்தார்கள். பிறகு அவளே என் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, மைக்கு புடிச்சு அவ்ளோ பேசினியே, இத மட்டும் படிக்கலியா?"

சுங்கம் வேண்டும் என்ற கட்சியை நான் இன்றும் விடவில்லை. ஆனால் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்க்காமல்தான் பேசியிருந்தேன்.

அம்மா கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "கொல்லைக்கு வரியா? வந்தா சும்மா நிக்கக்கூடாது, ரெண்டு சால் களை எடுத்துத் தரணும்."

சரி என்றேன். எட்டு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.